இரண்டு அங்கிகள், இரண்டாம் பாகம்

இது அந்த முகம் இல்லை. இல்லை என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. அறுபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மணலில் சம்மணம் போட்டு நான் அண்ணாந்து பார்த்த ஃபாதர் அமலனுக்கு முகம் ஒரு பாய்மரச் சீலை அளவு இருந்தது, கறுப்பும் வெள்ளையுமாக, கன்னத்தில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம் போல. இன்றைக்கு அதே நடிகர், அதே ஃபாதர் அமலன், கலரில் வருகிறார். எண்பத்தாறு வயது என்று வாசலில் யாரோ சொன்னார்கள். கன்னத்துக் குழியை வயசு தூர்த்துவிட்டது. முகத்துக்கு மேல் என்னவோ பூசி, அந்தப் பூச்சுக்கு மேல் கம்ப்யூட்டரில் இன்னொரு பூச்சும் பூசியிருக்கிறார்கள். 'இரண்டு அங்கிகள்' என்று திரையில் பெயர் விழுந்தபோது தியேட்டர் முழுக்கக் கைதட்டியது, அதற்குக் கீழே 'இரண்டாம் பாகம்' என்று விழுந்தபோதும் தட்டியது, நானும் தட்டினேன், தட்டிய பிறகு எதற்குத் தட்டினோம் என்று கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். காலைக் காட்சி. எங்கள் கோயில் பங்கு மொத்தமும் மூன்று பஸ்ஸில் ஏறித் தூத்துக்குடிக்கு வந்திருக்கிறது. முன் வரிசையில் கன்னியாஸ்திரிகள், பின்னால் பாடகர் குழு, எனக்கு இடது பக்கம் என் தம்பி, ஃபாதர் இஞ்ஞாசி. வெள்ளை அங்கி, ஏசிக் குளிருக்கு அதன் மேல் ஒரு சால்வை. படம் முடிந்ததும் வாசலில் நிற்கும் கார் அவனைத் திண்டுக்கல் பக்கம் வயதான குருக்கள் இருக்கும் இல்லத்துக்குக் கொண்டுபோகும். அவன் இருதயத்துக்கு இனிமேல் பயணம் ஆகாது, என் முட்டிக்குப் பஸ் படி ஆகாது. இனி எங்களில் ஒருவர் பெட்டிக்குள் கிடக்கும்போதுதான் மற்றவர் வந்து பார்ப்பார், அதுவும் நடந்தால். அதற்குள் நான் அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவைப் பெட்டியில் வைத்தபோது அவள் கையில் வைக்க வேண்டிய துணியை நான் வைக்கவில்லை. வைத்துவிட்டேன் என்று ஊருக்குச் சொன்னேன், அவனுக்கும் சொன்னேன். முப்பத்தொரு வருஷமாக அது என் வீட்டில் ஒரு பவுடர் டப்பாவில் இருக்கிறது. சொல்லவா, வேண்டாமா. இரண்டரை மணி நேரப் படம், அதில் கால் மணி போய்விட்டது.

திரையில் கடல் வருகிறது. மேலே எங்கிருந்தோ பறவை மாதிரி கேமரா பறந்து கடலைக் காட்டுகிறது, ஒரு நுரை கூட அழுக்கு இல்லை. அந்த முதல் படத்தில் கடலைக் காட்டவே இல்லை. சத்தம் மட்டும்தான் வரும். ஆனால் எங்கள் ஊரில் டூரிங் கொட்டகை உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவில் போட்டிருந்தார்கள், அதனால் படத்துக் கடல் எது, எங்கள் கடல் எது என்று பிரிக்க முடியவில்லை. காற்று வீசும்போது திரைத்துணி உப்பும், ஃபாதர் அமலனின் நெஞ்சு விரியும், அவர் மூச்சு விடுகிறார் என்றே நான் நினைத்தேன். பன்னிரண்டு வயசு எனக்கு, இஞ்ஞாசிக்கு ஒன்பது. அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். கதை பெரிய கதை இல்லை. கோபக்காரக் கிழட்டுச் சாமியார் ஒருவர், பாட்டுப் பாடும் இளஞ்சாமியார் ஃபாதர் அமலன், முட்டிக்கொள்வார்கள், கடைசியில் கிழவர் சாகும்போது தன் பழைய அங்கியை இளையவருக்குக் கொடுப்பார். ஆனால் நடுவில் ஒரு பூசை வரும். ஃபாதர் அமலன் நற்கருணை அப்பத்தை இரண்டு கையாலும் தூக்குகிறார், மணி அடிக்கிறது, கொட்டகையில் அத்தனை பேரும் மணலில் முழங்காலில் விழுந்தார்கள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பீடியை மண்ணில் குத்தி அணைத்துவிட்டு ஆண்கள் நெஞ்சில் அறைந்துகொண்டார்கள், பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டார்கள், முறுக்கு விற்றவன் தட்டை இறக்கி வைத்துவிட்டு முழங்காலிட்டான், அவன் எங்கள் வேதமே இல்லை. நானும் விழுந்தேன். அந்த மணலின் சூடு இப்போதும் முட்டியில் இருக்கிறது, டாக்டர் தேய்மானம் என்கிறார், எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பிரசங்கத்தில் எல்லாரையும் காய்ச்சி எடுத்தார், அது அப்பமும் இல்லை, அவன் குருவும் இல்லை, சினிமாக்காரனுக்கு முழங்கால் போட்ட மூடர்களே என்றார். வெளியே வந்ததும் அம்மா, கும்பிட்டது நான், யாருக்குப் போய்ச் சேரணும்னு சர்வேசுரனுக்குத் தெரியாதா, என்று சொல்லிவிட்டு நடந்தாள். வியாகுலம்மாள் என்று பெயர் வைத்ததற்கு அவள் ஒருநாளும் வியாகுலப்பட்டு நான் பார்த்ததில்லை, முடிவெடுத்துவிடுவாள். அன்றைக்கும் எடுத்துவிட்டாள். ஒரு பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுப்பது. பாடுகிற பிள்ளை இஞ்ஞாசி. பாடாத பிள்ளை ஐந்தாம் வகுப்போடு நின்று அப்பாவோடு உப்பு வாரப் போக வேண்டும், அப்போதுதான் பாடுகிற பிள்ளை படிக்க முடியும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அவ்வளவு பெரிய முகத்தைப் பார்த்துவிட்டு வேறு என்ன சொல்ல. ஆனால் கேட்கவில்லை.

முன் வரிசையிலிருந்து சிஸ்டர் ஜெசிந்தா திரும்பி, அண்ணாச்சி, காலை நல்லா நீட்டிக்கிடுங்க, சாய்ஞ்சா சாயும், இது ஒங்க காலத்துக் கொட்டகை இல்லை, என்கிறாள். சாய்ந்தேன், சீட்டு என்னை அப்படியே மல்லாத்திவிட்டது, பக்கத்தில் இஞ்ஞாசி சிரிப்பது தெரிந்தது. சிரிக்கட்டும். படத்தில் இப்போது துறைமுகத்துக்காகக் கோயிலை இடிக்கப் பார்க்கிறார்கள். புதுச் சாமியார் ஒருவர் கிடாரோடு வருகிறார், அவர் தலைமுடி மேல்தான் கேமராவுக்குக் கண். உப்பளத்தைக் காட்டினார்கள், எனக்கு வாய்விட்டே சிரிப்பு வந்தது, உப்பு வாருகிற பெண்கள் வெளுத்த சேலையில் சிரித்துக்கொண்டே வாருகிறார்கள், ஒருத்தி காலிலும் வெடிப்பு இல்லை, கண்ணைச் சுருக்கவில்லை. பத்து மணி வெயிலில் பாத்தியைப் பார்த்துச் சிரிக்க எந்தக் கண்ணால் முடியும். செத்துப்போன கிழட்டுச் சாமியார் மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறார், முதல் படத்தில் ஒரு தடவை கூடச் சிரிக்காத மனுஷன், அதனால்தான் அவர் அங்கியைக் கழற்றிக் கொடுத்தபோது ஊரே அழுதது, இங்கே அவரை மேகத்துக்குள் பல் தெரிய வைத்துவிட்டார்கள். பாடகர் குழு உச்சுக்கொட்டுகிறது. நல்லா இருக்கு இல்லையா, என்று இஞ்ஞாசி என் பக்கம் சாய்ந்து கேட்டான். இருக்கு, என்றேன். சாமி என்று சேர்க்கவில்லை. குருப்பட்டம் வாங்கிய அன்றிலிருந்து அம்மாவே அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டாள், நீங்க வாங்க என்றாள், பெற்றவளே சொல்லும்போது அண்ணன் எந்த மூலை. நான் அவனோடு பேசும்போது நீயும் இல்லாமல் நீங்களும் இல்லாமல் பேசப் பழகிக்கொண்டேன். சாப்பாடு ஆச்சா. பஸ் எத்தனை மணிக்கு. உடம்புக்கு எப்படி. நாற்பத்து மூன்று வருஷம் இப்படிப் பேசலாம், கஷ்டமே இல்லை. பட்டம் கொடுத்த அன்று ஆயர் அவன் இரண்டு உள்ளங்கையிலும் தைலம் பூசி, கைகளைச் சேர்த்து, வெள்ளைத் துணியால் கட்டினார். கட்டை அவிழ்க்கத் தாயைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா போனாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, புதுச் சேலையின் மடிப்புக் கலையாத முதுகு, அது குலுங்கியது. அந்தத் துணி தாய்க்கு. அவள் சாகும்போது கையில் வைத்து அடக்கம் பண்ண வேண்டும், மோட்ச வாசலில் இராயப்பர் சாவியோடு நின்று என்ன கொண்டுவந்தாய் என்று கேட்டால் காட்ட வேண்டும், ஒரு குருவைக் கொண்டுவந்தேன் என்று. தைல வாசம் போகாமல் இருக்க அம்மா அதைப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து மூக்கருகே கொண்டுபோவாள், மோந்து பாருடா தஸ்நேவிஸ், சம்மனசு வாசம், என்று தேவதூதரையே டப்பாவில் அடைத்த மாதிரி என்னிடமும் நீட்டுவாள். நான் கை அலம்பவில்லை என்பேன். அலம்பித்தான் இருப்பேன்.

ஐயோ. அவரால் எழுந்திருக்க முடியவில்லை. படத்தில் ஃபாதர் அமலன் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டார், பாட்டு முடிந்தது, எழுந்திருக்க வேண்டும், ஒரு காலை ஊன்றினார், அது வரவில்லை, கையைப் பீடத்தின் விளிம்பில் வைத்தார், கை நடுங்கி விரிப்பு கொஞ்சம் இழுபட்டது, மெழுகுதிரி ஆடியது. முகத்தில் அந்தப் பூச்சையெல்லாம் தாண்டி ஒரு வெட்கம் வந்தது, யாராவது பார்க்கிறார்களா என்பது மாதிரி பக்கவாட்டில் ஒரு பார்வை. அது நடிப்பு இல்லை. படம் எடுத்தவன் அதை வெட்டிப் போட மறந்திருக்கிறான், அல்லது அவனும் என்னை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறான். இசை நின்றுவிட்டது. தியேட்டரில் பொட்டலத்தின் சரசரப்பு கூட இல்லை. அவ்வளவு பெரிய திரையில் ஒரு கிழவனின் முட்டி. மணலில் விழச் சொன்னது எதுவோ அது இந்த ஒரு நிமிஷத்துக்குத் திரும்ப வந்துவிட்டுப் போனது. பக்கத்தில் இஞ்ஞாசியின் கை எங்கள் நடுவில் கை வைக்கிற கட்டையை இறுகப் பிடித்திருந்தது, அவன்தான் அங்கே எழுந்திருக்க முயல்கிறவன் போல. அந்தக் கையை நான் பார்த்தேன். அம்மா கடைசி ஏழு மாதம் படுக்கையில் கிடந்தாள், அப்போது இவன் ரோமாபுரியில் இருந்தான். அவளைத் தூக்கி உட்கார வைத்தது என் கை. என் பெண்டாட்டி தன் தாயைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள், அலம்பியதும் துடைத்ததும் நான். உப்பு தின்ற கை சொரசொரப்பு, அவள் தோலில் படும்போது முனகுவாள், அதனால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடுவேன். கடைசி வாரம் கண் தெரியவில்லை. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறேன், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், முகமெல்லாம் வெளிச்சமாக, சாமி வந்திட்டீகளா, என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரோமாபுரிலேருந்து எனக்குன்னு வந்தீகளா, என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள். "மூத்தவன் எட்டியே பாக்கலை சாமி. ஒரு நாள் கூட வரலை. நீங்க அவனைத் திட்டக் கூடாது, என்ன. அவனுக்கு என் மேல வருத்தம்."

நான் கஞ்சியை ஊட்டி முடித்தேன். வாயைத் துடைத்தேன். இன்னும் இரண்டு வாய் இருக்கிறது என்று கூடச் சொல்லவில்லை, குரல் கேட்டால் கண்டுபிடித்துவிடுவாளே என்று. கண்டுபிடித்திருக்கட்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. மூன்று நாளில் போய்விட்டாள். மே மாதம், உடம்பு தாங்காது, ரோமாபுரியிலிருந்து வர இரண்டு நாளுக்கு மேல் ஆகும், கோயில் போனில் அவனோடு பேசியது பங்குச் சாமியார்தான். காத்திருக்க வேண்டாம், அடக்கம் பண்ணிவிடுங்கள், அந்தத் துணியை மறந்துவிடாமல் வைக்கச் சொல்லுங்கள், இவ்வளவுதான் அவன் சொன்னானாம். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டானா என்று நான் கேட்டேன், பங்குச் சாமியார் வேறு பக்கம் பார்த்தார். டப்பாவைத் திறந்து துணியை எடுத்தேன், நன்றாக ஞாபகம் இருக்கிறது, வைக்கத்தான் எடுத்தேன். பெட்டியில் அம்மாவின் கைகளைச் செபமாலையால் சுற்றியிருந்தார்கள். குனிந்தேன். வாசம் வந்தது, எண்ணெயும் ஏதோ பூவும் கலந்த மாதிரி, பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறமும். மூத்தவன் எட்டியே பார்க்கலை என்று இராயப்பரிடமும் சொல்லுவாளே, சொல்லிக்கொண்டே இதைக் காட்டுவாளே என்று நினைத்தேன். கையை வெளியே எடுத்தபோது துணி என் உள்ளங்கையில் மடங்கி இருந்தது. வச்சாச்சா, என்று கேட்டார்கள். வச்சாச்சு, செபமாலைக்குக் கீழே, என்றேன். ஆணி அடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இஞ்ஞாசி திரும்பி வந்து அதைப் பிரசங்கம் ஆக்கிவிட்டான். மாதா திருநாள் எந்த ஊரில் நடந்தாலும் அவன்தான் பிரசங்கம், என் தாய் வெறுங்கையோடு போகவில்லை என்று ஆரம்பிப்பான், செபமாலைக்குக் கீழே, அந்தக் காய்ந்த விரல்களுக்குள்ளே, என்னும்போது குரல் உடையும், ஆயிரம் பேர் அழுவார்கள். தூணுக்குப் பின்னால் நான் நின்றிருக்கிறேன். அவன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வரும், என் பொய்யை வைத்துத்தான் நீ ஊரை அழ வைக்கிறாய் என்று. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காது. இப்போது கூடச் சொல்லாமல் விட்டுவிடலாம். கார் போய்விடும். அவன் அந்த இல்லத்தில் மற்றக் கிழட்டுச் சாமியார்களுக்கு அதே பிரசங்கத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாவான். சொன்னால் அவனுக்கு என்ன மிச்சம். எனக்கு என்ன மிச்சம்.

இடைவேளையில் சிஸ்டர் ஜெசிந்தா சமோசா கொண்டுவந்தாள், ஃபாதருக்கு எண்ணெய் ஆகாது என்று அவன் பங்கையும் என் மடியில் வைத்தாள், இரண்டையும் தின்றேன். மறுபடி இருட்டு. கிடார்ச் சாமியாருடைய தாய் செத்துவிட்டாள், சவப்பெட்டி, வெள்ளைப் பூ, செத்தவள் உதட்டில் சாயம். ஃபாதர் அமலன் ஒரு துணியை எடுக்கிறார். துணியா அது. பட்டு, ஜரிகைக் கரை, நடுவில் தங்கச் சிலுவை, மந்திரிக்குப் போர்த்துகிற பொன்னாடை மாதிரி உதறி அவள் நெஞ்சின் மேல் விரிக்கிறார். மேலேயிருந்து வெளிச்சம் இறங்குகிறது, வயலின்கள் கதறுகின்றன, மேகத்தில் கிழவர். தியேட்டர் முழுக்க மூக்குறிஞ்சல். பெட்டியைச் சுற்றி நிற்கிற எல்லாரும் எல்லாரையும் மன்னிக்கிறார்கள், துறைமுகக்காரன் கூட வந்துவிட்டான், அவனையும் மன்னித்தாயிற்று. இப்படியா அது இருக்கும், ஒரு முழத் துணி, ஓரம் கூடத் தைக்காதது, தைலம் பட்ட இடம் மஞ்சளாக, என்று எனக்குள் ஆத்திரம் ஏறுகிறது, அந்தத் துணியைப் பற்றி இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும். இஞ்ஞாசி சாய்ந்தான். அவன் கன்னம் ஈரம். அம்மாவுக்கு நீ வைக்கும்போது மடிச்சு வைச்சியா, விரிச்சா, என்று கேட்டான். சும்மா கேட்டான். பிரசங்கத்துக்கு இன்னும் ஒரு வரி வேண்டியிருந்ததோ என்னவோ. மடித்து என்று சொன்னால் போதும். நாக்கு அதற்குத் தயாராகத்தான் இருந்தது.

"வைக்கலை," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. எதை, என்றான். துணியை வைக்கலை, எங்கிட்டதான் இருக்கு, என்றேன், வேண்டும் என்றேதான் வைக்கலை, என்றேன். திரை வெளிச்சம் அவன் முகத்தில் நீலமும் வெள்ளையுமாக மாறி மாறி விழுந்தது. நான் காத்திருந்தேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும், நாற்பத்து மூன்று வருஷம் அவன் செய்கிற வேலை அது, பாவசங்கீர்த்தனக் கூண்டின் தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கொலைகாரனுக்கும் மன்னிப்பு கொடுத்திருக்கிறான். இப்போது தோளில் ஒரு கை விழும், தாழ்ந்த குரலில் ஒன்று சொல்லுவான், நான் அதை ஒரு வணக்கத்தோடு வாங்கிக்கொண்டு செத்துப்போகும் வரை செரிக்காமல் வைத்திருக்க வேண்டும். கை விழவில்லை. அவன் தாடை இறுகியது, கீழுதடு பிதுங்கியது, மூக்கு விடைத்தது. அறுபது வருஷமாக நான் பார்க்காத முகம். பம்பரத்தைப் பிடுங்கினால் வருகிற முகம். சாமியார் எங்கோ போய்விட்டார், அங்கியின் கழுத்துப் பட்டைக்கு மேலே இஞ்ஞாசி உட்கார்ந்திருந்தான், என் தம்பி, கோபத்தில் மூச்சு இரைத்துக்கொண்டு. சிஸ்டர் ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள், படத்துக்குத்தான் அழுகிறோம் என்று நினைத்துத் திரும்பிக்கொண்டாள்.

"மன்னிப்பு கேட்டிராதல," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு, திரையைப் பார்த்தபடி. "கேட்டாலும் தர மாட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுபத்தொரு வயசில், இருதயம் கெட்டு, இத்தனை சனத்துக்கு நடுவில், திரையில் அவ்வளவு பேர் அழுதுகொண்டே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, இவன் தர மாட்டேன் என்கிறான். இதை இவன் எங்கே வைத்திருந்தான். இது நான் மட்டும் வைத்திருக்கிற சாமான் என்றல்லவா இருந்தேன். இன்னும் என் பக்கம் திரும்பாமலே, காரை முதலில் நம்ம ஊருக்கு விடச் சொல்லப் போகிறேன், அதை என் கையில் கொடுக்கணும், இராத்திரி அங்கேதான் படுப்பேன், காலையில் கூட உன்னோடு பேச மாட்டேன், என்றான். பேச வேண்டாம், என்றேன். வீட்டில் ஒரே கட்டில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அது உன் பாடு, என்றான். வயலின்கள் இன்னும் கதறிக்கொண்டிருந்தன. நான் அவன் விடைத்த மூக்கைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது தணிந்துவிடக் கூடாதே என்று.